பரணில் கிடக்கும் இலவச லேப்டாப்பும் ஒரு 8 ஜிபி பென்டிரைவும்: சொல்லித் தர மறந்த பாடம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். 'சரி, விண்டோஸ் 11-க்கு மாறிக்கலாம்' என்றால் அதற்கு 4 ஜிபி ரேம், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப், ஓரளவு புதிய பிராசஸர் எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறைக்குக் கீழே உள்ள எதையும் மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்வதில்லை.

இது ஏதோ ஐடி கம்பெனி விவகாரம் என்று ஸ்க்ரோல் செய்து போய்விட வேண்டாம். விழுப்புரத்தை ஒட்டிய திருவாமாத்தூர் மாதிரி ஊர்களில் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் இருந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். அக்கா வாங்கிய இலவச லேப்டாப், தம்பி வாங்கிய இலவச லேப்டாப் என்று பீரோ மேலேயோ பரணிலேயோ ஒன்றிரண்டு இருக்கும். 'ஆன் பண்ணா அரை மணி நேரம் சுத்துது', 'கறுப்பு ஸ்கிரீன்ல ஏதோ இங்கிலீஷ்ல வருது', 'கடைக்காரர் இது செத்துப்போச்சுன்னு சொல்லிட்டார்'. இப்படி ஏதோ ஒரு காரணத்தால் மேலே ஏறியவை.

அவற்றில் பல உண்மையில் சாகவில்லை. உள்ளே இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் கெட்டுப்போயிருக்கிறது, அல்லது காலாவதியாகியிருக்கிறது. அதைச் சரிசெய்யத் தேவையான கருவி ஒரு 8 ஜிபி பென்டிரைவ். அதில் ஒரு ஓஎஸ்ஸை ஏற்றி, கம்ப்யூட்டரை அதிலிருந்தே இயங்க வைப்பதைத்தான் 'பூட்டபிள் யூஎஸ்பி' என்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைக்கிள் வைத்திருப்பவருக்குக் காற்றடிக்கத் தெரிந்திருப்பது மாதிரி, லேப்டாப் வைத்திருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுத்த ஒரு மாநிலம், இந்த ஒரு மணி நேரப் பாடத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். இனிமேலாவது கொடுக்க வேண்டும்.

இரட்டைப் புலவர் கணக்கு

திருவாமாத்தூருக்கும் இந்த விஷயத்துக்கும் ஒரு சுவாரஸ்யமான பொருத்தம் உண்டு. இந்த ஊர்க் கோயில் மீது கலம்பகம் பாடியவர்கள் இரட்டைப் புலவர்கள். ஒருவருக்குப் பார்வை கிடையாது. இன்னொருவரால் நடக்க முடியாது. பார்வை இல்லாதவர் தோளில் நடக்க முடியாதவர் உட்கார்ந்துகொள்வார். மேலே இருப்பவர் வழி சொல்ல, கீழே இருப்பவர் நடப்பார். இப்படித்தான் ஊர் ஊராகப் போனார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

கம்ப்யூட்டரும் இப்படித்தான். பிராசஸர், ரேம், ஸ்கிரீன், கீபோர்டு எல்லாம் நல்ல கால்கள். ஆனால் எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியாது. வழி சொல்வது ஓஎஸ். பென்டிரைவில் இருக்கும் ஓஎஸ்ஸுக்கு வழி தெரியும், ஆனால் தனியாக ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பழைய ஓஎஸ் படுத்துவிட்டால், பென்டிரைவில் இருப்பதைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தால் போதும். அதே லேப்டாப் நடக்க ஆரம்பித்துவிடும். ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி எடுத்துவிட்டாலும்கூட நடக்கும்.

காப்பி-பேஸ்ட் பண்ணா ஏன் வேலை செய்யாது?

முதன்முறை முயற்சி செய்பவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஓஎஸ் ஃபைலை டவுன்லோடு செய்கிறோம். அது 'ஐஎஸ்ஓ' என்ற ஒரே பெரிய ஃபைலாக வரும். சினிமா படத்தைக் காப்பி செய்வது மாதிரி அதைப் பென்டிரைவில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்கிறோம். ஒன்றும் நடக்காது.

காரணம் எளிது. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸோ லினக்ஸோ கிடையாது. மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன புரோகிராம். பழைய மெஷின்களில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூஇஎஃப்ஐ. ரேம் இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 'ஓஎஸ் எங்கே?' என்று அது தேடும். எல்லா ஃபைலையும் திறந்து பார்க்கும் பொறுமை அதற்கு இல்லை. பயாஸ் என்றால் டிஸ்க்கின் முதல் 512 பைட்டை மட்டும் படிக்கும். யூஇஎஃப்ஐ என்றால் குறிப்பிட்ட ஒரு ஃபோல்டரில் குறிப்பிட்ட பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும். அங்கே இருந்தால் உள்ளே போகும், இல்லையென்றால் அடுத்த டிரைவுக்கு நகர்ந்துவிடும்.

நீங்கள் காப்பி செய்த ஐஎஸ்ஓ, பிரிக்காத பார்சல் மாதிரி. உள்ளே எல்லாம் இருக்கிறது. ஆனால் பயாஸ் தேடும் இடத்தில் எதுவும் இல்லை. அந்தப் பார்சலைப் பிரித்து, சரியான இடத்தில் சரியான பொருளை வைக்கத்தான் தனியாக ஒரு மென்பொருள் வேண்டியிருக்கிறது. விண்டோஸில் இதற்கு ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் பிரபலம். பெலினா எட்சர், வென்டாய் போன்றவையும் இருக்கின்றன. வென்டாயில் ஒரு வசதி உண்டு. ஒருமுறை பென்டிரைவைத் தயார் செய்துவிட்டால், அதன்பின் ஐஎஸ்ஓ ஃபைல்களைச் சும்மா காப்பி செய்தாலே போதும். ஒரே பென்டிரைவில் நான்கைந்து ஓஎஸ் வைத்துக்கொள்ளலாம்.

சரி, எப்படிச் செய்வது?

தேவையானவை: 8 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பென்டிரைவ், இயங்கும் நிலையில் ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் டேட்டா. பென்டிரைவில் ஏற்கெனவே இருக்கும் எல்லாமே அழிந்துவிடும். கல்யாண ஆல்பம், சர்டிபிகேட் ஸ்கேன் எதுவும் அதில் இல்லை என்று ரெண்டு தடவை பார்த்துவிடுங்கள்.

முதல் படி, எந்த ஓஎஸ் என்று முடிவு செய்வது. விண்டோஸையே மறுபடி போட வேண்டுமென்றால், மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே அதிகாரப்பூர்வ ஐஎஸ்ஓ கிடைக்கிறது. இங்கே பலருக்குத் தெரியாத ஒரு தகவல். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் மெஷினோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதே எடிஷனை மறுபடி நிறுவி இன்டர்நெட்டோடு இணைத்தால் பொதுவாகத் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுத்து, யாரோ செய்த 'கிராக்' விண்டோஸைப் போட்டுக்கொள்ள அவசியமே இல்லை.

பழைய மெஷின் என்றால் லினக்ஸ்தான் நல்லது. லினக்ஸ் மின்ட்டின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு 2 ஜிபி ரேமிலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். முதல் சில ஆண்டுகளில் வந்த இலவச லேப்டாப்களில் இருந்தது 2 ஜிபி ரேம்தான். அதற்கும் குறைவாக இருந்தால் 'ஆன்டிஎக்ஸ்' மாதிரி இன்னும் லேசான ஓஎஸ்கள் உண்டு.

இரண்டாவது படி, டவுன்லோடு. லினக்ஸ் மின்ட் ஐஎஸ்ஓ ஏறத்தாழ 3 ஜிபி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி தரும் பிளானில் இருப்பவருக்கு இது இரண்டு நாள் டேட்டா. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது படி, எழுதுவது. ரூஃபஸைத் திறந்து, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, ஐஎஸ்ஓவைக் காட்டி, ஸ்டார்ட் கொடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடங்களில் தயார். பென்டிரைவ் பழசு என்றால் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

'வீட்டில் இருப்பதே ஒரு லேப்டாப், அதுவும் படுத்துவிட்டது. வேறு கம்ப்யூட்டருக்கு எங்கே போவது?' என்றால், உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். 'எட்ச்ட்ராய்டு' என்ற இலவச ஆப்பில், ஓடிஜி கேபிள் வழியாகப் பென்டிரைவைப் போனில் செருகி, லினக்ஸ் ஐஎஸ்ஓவை நேரடியாக எழுதிவிடலாம். ரூட் செய்ய வேண்டியதில்லை. ஆனால் விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு இந்த வழி சரிவராது. எழுதி முடிக்கும்வரை போனில் சார்ஜ் இருக்கட்டும்.

நான்காவது படி, பூட் செய்வது. பென்டிரைவைச் செருகிவிட்டு லேப்டாப்பை ஆன் செய்ததும், கம்பெனி லோகோ வருவதற்குள் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். லெனோவோ, டெல், ஏசர் மெஷின்களில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஃப்9. அசூஸில் எஸ்கேப். சில ஏசர் மெஷின்களில் மட்டும், முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் எஃப்12 மெனுவை இயக்கிவிட வேண்டியிருக்கும். மெனு வந்ததும் பென்டிரைவ் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அவ்வளவுதான். ஓரிரு நிமிடங்களில் டெஸ்க்டாப் வந்துவிடும்.

வட்டப்பாறையில் கை வைத்துச் சொல்

திருவாமாத்தூர்க் கோயிலில் வட்டப்பாறை என்று ஒன்று உண்டு. வழக்கு, தகராறு என்றால் அதன் முன் நின்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் தண்டனை நிச்சயம் என்பது இந்தப் பகுதி மக்களின் நம்பிக்கை.

நீங்கள் டவுன்லோடு செய்த ஐஎஸ்ஓவுக்கும் இப்படி ஒரு சத்திய சோதனை வேண்டும். ஓஎஸ் என்பது உங்கள் பாஸ்வேர்டு, பேங்க் விவரம், போட்டோ எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய மென்பொருள். நடுவில் யாராவது அதை மாற்றியிருந்தால்? அல்லது நெட் கட்டாகி ஃபைல் அரைகுறையாக இறங்கியிருந்தால்?

இதற்காகத்தான் ஓஎஸ் வெளியிடுபவர்கள் ஐஎஸ்ஓவோடு சேர்த்து 'எஸ்ஹெச்ஏ-256' என்ற ஒரு கணக்கீட்டின் விடையைத் தங்கள் தளத்தில் போட்டிருப்பார்கள். 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான வரி. உங்களிடம் இருக்கும் ஃபைலுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ரூஃபஸிலேயே அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது. 3 ஜிபி ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் விடை முழுதாக வேறு மாதிரி வரும். இரண்டு வரியும் ஒன்றாக இருந்தால் ஃபைல் பத்திரம். வேறாக இருந்தால் யோசிக்காமல் அழித்துவிடுங்கள். டெலிகிராம் குரூப்பில் யாரோ அனுப்பிய ஐஎஸ்ஓவைப் போடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான வரி எதுவும் இருக்காது.

இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம்

பெரும்பாலான லினக்ஸ் பென்டிரைவ்களில் 'லைவ்' வசதி உண்டு. ஓஎஸ் முழுக்க ரேமிலும் பென்டிரைவிலுமே ஓடும். நீங்களாக 'இன்ஸ்டால்' கொடுக்கும்வரை ஹார்ட் டிஸ்க்கில் எதுவும் மாறாது. 2000-ல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்', இந்த முறையைச் சிடி வழியாகப் பிரபலமாக்கியது. அடுத்து வந்த உபுண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் இலவசமாகச் சிடி அனுப்பியது. 2011-ல் அந்தத் தபால் சேவை நின்றது. சிடியின் இடத்தைப் பென்டிரைவ் எடுத்துக்கொண்டது.

இந்த லைவ் வசதியால் மூன்று லாபம். முதலாவது, வைஃபை, சவுண்டு, கேமரா எல்லாம் லினக்ஸில் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, பிரச்னை எங்கே என்று கண்டுபிடிக்கலாம். பென்டிரைவிலிருந்து லேப்டாப் நன்றாக ஓடுகிறது என்றால் மதர்போர்டும் ரேமும் நலம். கோளாறு ஹார்ட் டிஸ்க்கிலோ விண்டோஸிலோ இருக்கிறது. 'போர்டு போச்சு' என்று யாராவது சொன்னால் நம்புவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம். மூன்றாவதுதான் முக்கியம். விண்டோஸ் திறக்காத லேப்டாப்பிலிருந்துகூட உங்கள் ஃபைல்களை மீட்கலாம். லைவ் லினக்ஸில் பூட் செய்து, ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, புராஜெக்ட் ரிப்போர்ட், மார்க் ஷீட் ஸ்கேன், அப்பாவின் பழைய போட்டோ எல்லாவற்றையும் வேறு ஒரு டிரைவில் காப்பி செய்துவிடலாம். 'ஃபார்மட் பண்ணாதான் சரியாகும்' என்று கேட்டுக் கண்கலங்கிய எத்தனை பேருக்கு இப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருக்கும்?

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். புதிய விண்டோஸ் லேப்டாப்களில் 'பிட்லாக்கர்' என்ற பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கலாம். பூட் அமைப்புகளில் கை வைத்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை முதலில் எடுத்து எழுதி வைத்துக்கொண்ட பிறகே பயாஸ் பக்கம் போங்கள். அந்த எண் இல்லாமல் பூட்டிய டிஸ்க்கைத் திறக்க லைவ் லினக்ஸாலும் முடியாது.

எல்லாத்துக்கும் இது மருந்தா?

இல்லை. லினக்ஸ் போட்டால் லேப்டாப் ராக்கெட் மாதிரி பறக்கும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். 2 ஜிபி ரேமில் எந்த ஓஎஸ் போட்டாலும், பிரவுசரில் பத்து டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டால்தான் நிஜமான வேகம் தெரியும்.

டேலி போட்டுக் கணக்கு எழுதுபவர்கள், போட்டோஷாப்பில் பிளெக்ஸ் டிசைன் செய்பவர்கள், வானவில் மாதிரியான பழைய தமிழ் ஃபான்ட்டில் தட்டச்சு செய்பவர்கள் எல்லாம் உடனே லினக்ஸுக்கு மாறிவிட முடியாது. ஆனால் யூனிகோடு தமிழுக்குப் பிரச்னை இல்லை. தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் கிடைக்கிறது. பிரவுசரில் வேலை, ஆன்லைன் கிளாஸ், லிப்ரே ஆபீஸில் ரெஸ்யூம், பைத்தான் பழகுவது, டிஎன்பிஎஸ்சி பிடிஎஃப் படிப்பது போன்றவற்றுக்குத் தாராளமாகப் போதும். வேலை தேடும் ஒருவருக்கு ஆறு இன்ச் போன் ஸ்கிரீனில் ரெஸ்யூம் அடிப்பதற்கும், ஒரு பழைய லேப்டாப்பில் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, பென்டிரைவிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க நினைக்காதீர்கள். சாதாரண லைவ் பென்டிரைவில் நீங்கள் சேமித்தது ஆஃப் செய்ததும் போய்விடும். 'பெர்சிஸ்டன்ஸ்' வசதியோடு தயாரித்தால் தங்கும், ஆனால் வேகம் குறைவு, பென்டிரைவும் சீக்கிரம் தேயும். ஓட்டிப் பார்க்க, காப்பாற்ற, நிறுவ என்று மூன்று வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது.

நமக்கு இது புதுசா?

இனிதான் என் ஆதங்கம். திறந்த மூல ஓஎஸ் தமிழ்நாட்டுக்குப் புதுசே இல்லை. 2007-ம் ஆண்டு வாக்கிலேயே தமிழக அரசின் எல்காட் நிறுவனம், அப்போது அதன் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐஏஎஸ் காலத்தில், சூசே லினக்ஸுக்கு மாறி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதே 2007-ல்தான் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டது.

2011 செப்டம்பர் 15-ம் தேதி அப்போதைய முதல்வர் ஜெயலலிதா இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அந்த லேப்டாப்களை ஆன் செய்தால், விண்டோஸா பாஸ் லினக்ஸா என்று கேட்கும் இரட்டை பூட் வசதி இருந்தது. அதாவது, லினக்ஸ் ஏற்கெனவே திருவாமாத்தூர் வரை வந்துவிட்டது. கீழே ஒரு வரியாக நின்றுகொண்டிருந்தது. அது என்ன, எதற்கு என்று சொல்லத்தான் ஆளில்லை.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்தபோது, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளை அறிவுறுத்தியது. இன்று விண்டோஸ் 10 விஷயத்திலும் நாம் நிற்பது கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். பதினொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஓஎஸ் காலாவதியானால் என்ன செய்வது என்பது இன்றும் வீட்டுக்கு வீடு தெரிந்த விஷயமாகவில்லை.

புத்தகத்தில் இல்லையா என்றால், இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் ஒரு பாடமாக வருகிறது. ஐகான் எது, மெனு எது என்று படித்து மாணவர்கள் மார்க் வாங்குகிறார்கள். அதே உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி ஒரு மெஷினை எழுப்பிக் காட்டினால், மொத்தப் பாடமும் ஒரு பீரியடில் புரிந்துவிடும். தவளையைப் படம் வரைந்து பாகம் குறிக்க வைப்பதற்கும், குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2001-ல் ஐடி@ஸ்கூல் என்று தொடங்கி, 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, பள்ளிகளுக்கென்றே சொந்தமாக ஒரு லினக்ஸ் பதிப்பைத் தயாரித்துக் கொடுக்கிறது. அதைப் பொதுமக்களும் டவுன்லோடு செய்துகொள்ளலாம். 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் மன்றங்கள் 2018 முதல் பள்ளிகளில் இயங்குகின்றன. கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் பிள்ளைகளோடு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் அங்கே உருவாகிறார்கள்.

'கடையில கொடுத்தா முடிஞ்சுது, இதெல்லாம் எதுக்கு?'

நியாயமான கேள்வி. சில நூறு ரூபாய் கொடுத்தால் கடைக்காரரே ஓஎஸ் போட்டுத் தந்துவிடுவார். எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரிய வேண்டிய அவசியம் இல்லைதான். ஹார்ட்வேர் பழுதுக்கு அனுபவமுள்ள மெக்கானிக்கை மிஞ்ச முடியாது என்பதும் உண்மை.

ஆனால் இங்கே இரண்டு சிக்கல். ஒன்று, பல இடங்களில் போட்டுத் தரப்படுவது கிராக் விண்டோஸ். அதை ஆக்டிவேட் செய்யும் புரோகிராம் வேலை செய்ய வேண்டுமென்றால் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அணைத்தபின் உள்ளே என்ன நுழைந்தது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அதே லேப்டாப்பில்தான் நெட் பேங்கிங் ஓடும்.

இரண்டு, தெரிந்துகொண்டு கடைக்குப் போவதும் தெரியாமல் போவதும் ஒன்றல்ல. 'லைவ்ல ஓட்டிப் பார்த்தேன் அண்ணே, போர்டு நல்லா இருக்கு, டிஸ்க்தான் மாத்தணும்' என்று சொல்கிற வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பதில் வேறு. செலவும் வேறு. ஒரு லேப்டாப்பை உங்களால் எழுப்ப முடியும் என்றால்தான் அது முழுசாக உங்களுடையது.

என்ன செய்யலாம்?

மேலே சொன்ன 3 ஜிபி கணக்குக்கு வருவோம். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக இரண்டு நாள் டேட்டாவைச் செலவழிக்கத் தேவையே இல்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு, பாஸ் போன்றவற்றைக் காப்பி எடுத்துக் கொடுப்பது சட்டப்படி சரி. கொடுங்கள் என்றுதான் அதன் உரிமமே சொல்கிறது. ஒருவர் இறக்கினால் ஊருக்கே போதும்.

அதனால் கோரிக்கைகள் சிறியவைதான். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் சரிபார்க்கப்பட்ட இரண்டு மூன்று பூட்டபிள் பென்டிரைவ்கள் இருக்கட்டும். புத்தகம் மாதிரி எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுக்கலாம். அரசுப் பள்ளி கணினி ஆய்வகங்களில் ஆண்டுக்கு ஒரு நாள், பழைய லேப்டாப்பை யார் வேண்டுமானாலும் எடுத்து வரலாம் என்று அறிவியுங்கள். பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் எழுப்பிக் கொடுக்கட்டும், அதையே செய்முறைப் பயிற்சியாக எண்ணிக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமையை மென்பொருள் சுதந்திர நாளாகக் கொண்டாடுகிறார்கள். தேதி ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

சொல்லித் தர ஆளும் இருக்கிறார்கள். விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. கிராமப்புற மாணவர்களுக்குத் திறந்த மூல மென்பொருளைக் கட்டணமில்லாமல் சொல்லித் தரும் தன்னார்வலர்கள் அவர்கள். பள்ளிக் கல்வித் துறையும் நூலகத் துறையும் இப்படிப்பட்ட குழுக்களைக் கூப்பிட்டு ஓர் அறையும் ஒரு நாளும் கொடுத்தால் போதும், பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

அரசுக்கு ஒரு கணக்கு. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிக்கப்பட்டது. முதல் கட்டத்துக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு. வரவேற்க வேண்டிய திட்டம். அதில் லேப்டாப் வாங்கும் ஒவ்வொருவருக்கும், பையோடு ஒரு பூட்டபிள் பென்டிரைவும், தமிழில் நான்கு பக்கக் கையேடும், கொடுக்கும் அன்றே ஒரு மணி நேர வகுப்பும் சேர்த்துக் கொடுக்கட்டும். ஐந்தாறு ஆண்டு கழித்து அந்த மெஷின்களின் ஓஎஸ்ஸும் ஒருநாள் காலாவதியாகும். அன்று அவை பரணுக்குப் போகுமா, தங்கைக்கோ தம்பிக்கோ போகுமா என்பதை முடிவு செய்யப்போவது இந்த ஒரு மணி நேரம்தான்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் இருப்பதை இறக்கித் தூசி தட்டிச் சார்ஜில் போடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் கை வைக்காமல் கடைக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி, ஒரு பென்டிரைவைச் செருகி எஃப்12 தட்டிப் பாருங்கள். ஓடினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பென்டிரைவைக் கொடுங்கள்.